ஐந்தாம் வினாவின் அட்டவணை

"மிஸ், இந்த அட்டவணை சரிதானுங்களா?" என்று மூன்றாம் வரிசையில் திலகேஸ்வரி எழுந்து நின்று கேட்டபோது பரீட்சை தொடங்கி இருபது நிமிடம்தான் ஆகியிருந்தது. சுகந்தினி வினாத்தாளைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "கேள்வியில என்ன இருக்கோ அதை வச்சு எழுதுங்கோ" என்றாள். யோசிக்காமல் வருகிற பதில் அது. அவள் மாணவியாக இருந்த காலத்தில் இதே மாதிரி மண்டபங்களில் அவளுக்கு யாரோ சொன்னது, அவர்களுக்கு அதற்கு முன்னால் யாரோ சொன்னது, பரீட்சை மண்டபத்துக்குள் கால் வைத்ததும் நாக்கு நுனியில் வந்து உட்கார்ந்துகொள்வது. திலகேஸ்வரி "சரிங்க மிஸ்" என்று உட்கார்ந்துவிட்டாள். ஹற்றன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றிலிருந்து வந்த பிள்ளை. விரிவுரைகளில் வாயே திறக்காதவள். மூன்று வருடத்தில் அவள் தானாகக் கேட்ட முதல் கேள்வி இதுவாகத்தான் இருக்கும் என்று நினைத்தபடி சுகந்தினி முன்மேசைக்கு வந்தாள். வேர்த்துக் கொட்டியது. ஆறு மின்விசிறிகளில் இரண்டு சுற்றவில்லை, சுற்றுகிற நான்கும் காற்றைவிடச் சத்தத்தைத்தான் தந்துகொண்டிருந்தன. வினாத்தாளைத் தயாரித்தவர் முதல் ஒரு மணித்தியாலம் மண்டபத்தில் நிற்கவேண்டும் என்பது விதி. கல்விப் பொருளியல், மூன்றாம் வருடம், நூற்றுப் பதினெட்டுப் பேர், வினாத்தாள் அவளுடையது. மேசையில் மிஞ்சிக் கிடந்த வினாத்தாள் ஒன்றை எடுத்து விசிறிக்கொண்டாள். விசிறிய தாள் கண்ணுக்கு நேரே போய்வந்தது. போய்வந்த தாளில் ஐந்தாம் வினா தெரிந்தது. கட்டாய வினா, நாற்பது புள்ளிகள். இலங்கை, மலேசியா ஆகிய இரு நாடுகளின் அரசாங்கங்களும் உயர்கல்விக்குச் செய்யும் செலவை அட்டவணையின் துணையுடன் ஒப்பிட்டு ஆராய்க. விசிறிய கை நின்றது. அட்டவணையில் இலங்கை என்ற தலைப்பின் கீழே மலேசியாவின் எண்கள் நின்றன. மலேசியா என்ற தலைப்பின் கீழே இலங்கையின் எண்கள் நின்றன. மேலிருந்து கீழே பார்த்தாள், கீழிருந்து மேலே பார்த்தாள், தாளைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்துப் பார்த்தாள். எப்படிப் பார்த்தாலும் அவள் நாடு தன் பல்கலைக்கழகங்களுக்கு வாரி வாரிக் கொடுத்துக்கொண்டிருந்தது, மலேசியா கிள்ளிக் கிள்ளிக் கொடுத்துக்கொண்டிருந்தது.

முதலில் வந்த நினைப்பு ஜெசிந்தாதான். பரீட்சைக் கிளையில் வினாத்தாள்களை ரைப் பண்ணுகிற பெண், ஒப்பந்தத்தில் இருப்பவள், ஒவ்வொரு ஆறு மாதமும் கையெழுத்து வைத்துப் புதுப்பித்துக்கொள்கிற வேலை. அவள்தான் மாற்றி அடித்திருப்பாள், வேறு யார், ஒரு நாளைக்கு எத்தனை வினாத்தாள் அடிக்கிறாள், கண் அலுத்திருக்கும். அந்த நினைப்பு எவ்வளவு இதமாக இருந்தது என்பதைச் சுகந்தினி கவனித்தாள். வெயிலில் நடந்து வந்தவள் மண்பானைத் தண்ணீர் குடித்ததுபோல நெஞ்சு குளிர்ந்து இறங்கியது. ஒரு நிமிடம்தான். அதற்குள் அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் நினைவுக்கு வந்துவிட்டது. மடிக்கணினி உயிரை விட்டிருந்த கிழமை. வினாத்தாளைக் கையாலேயே எழுதிக் கொடுப்போம் என்று குசினி மேசையில் உட்கார்ந்து, அடுப்பில் பருப்பு கொதிக்க, அடிமட்டம் வைத்துக் கோடு போட்டு அட்டவணையை எழுதினாள். மலேசியாவை முதலாவதாகவும் இலங்கையை இரண்டாவதாகவும் எழுதி எண்களையும் நிரப்பினாள். பிறகு பார்த்தால் ஏதோ மனதுக்கு ஒட்டவில்லை. எங்கட நாடு முதலில வரட்டுமே என்று தோன்றியது. அவ்வளவுதான், அந்த ஒரு தோன்றல்தான். வெள்ளை மை பூசித் தலைப்புகள் இரண்டையும் மாற்றி எழுதினாள். எண்களையும் மாற்ற வேண்டும் என்று நினைத்ததுகூட நினைவிருக்கிறது. பருப்பு பொங்கியது. எழுந்து போய் மூடியைத் திறந்து அடுப்பைக் குறைத்துவிட்டு வந்து உட்கார்ந்தபோது ஆறாம் வினாவை எழுதத் தொடங்கினாள். ஆக, ஜெசிந்தா எதையும் மாற்றவில்லை. கொடுத்ததை அப்படியே அடித்திருக்கிறாள், ஒரு கால்புள்ளிகூடத் தவறாமல். பிழை சுகந்தினியுடையதுதான். அடுத்தது துறைத் தலைவர். வினாத்தாளை வாசித்துச் சரிபார்த்தேன் என்று கையெழுத்துப் போட்டவர் பேராசிரியர் அருளம்பலம். வாகனத் தரிப்பிடத்தில், தன் காரின் முன்மூடியில் தாளை வைத்து, யாரோடோ போனில் கதைத்துக்கொண்டே கையெழுத்தைப் போட்டார். கடைசிப் பக்கத்தை மட்டும்தான் திருப்பினார். அப்போது அவளுக்கு அது வசதியாகத்தான் இருந்தது. நல்லவேளை கேள்வி ஒன்றும் கேட்கவில்லை என்று நினைத்தபடிதான் தாளை வாங்கினாள். அவளுடைய தகுதிகாண் காலம் அடுத்த மாதம் முடிகிறது. பதவியில் உறுதிப்படுத்தலாம் என்றோ இன்னும் பார்க்கலாம் என்றோ எழுதப்போகிற கை அதே கைதான்.

"மிஸ், பேப்பர்." வலப்பக்கம் ஒரு கை உயர்ந்தது. மேலதிகத் தாள் கேட்கிறான். எடுத்துப் போய்க் கொடுத்தாள். கொடுக்கும்போது கண் தன்பாட்டில் அவன் விடைத்தாளுக்குப் போனது. ஐந்தாம் வினாவைத்தான் முதலில் எடுத்திருக்கிறான். நாற்பது புள்ளி, கட்டாயம், வேறு எதை முதலில் எடுப்பார்கள். இலவசக் கல்விக் கொள்கையைத் தலைமுறை தலைமுறையாகப் பேணிவந்ததன் பயனாக இலங்கை அரசாங்கம் தேசிய வருமானத்தில் உயர்கல்விக்கென ஒதுக்கும் பங்கு மலேசியாவைவிடப் பல மடங்கு உயர்ந்து காணப்படுகிறது. அழகான வாக்கியம். அடுத்தவளிடம் குனிந்தாள். தனியார் பல்கலைக்கழகங்களை ஊக்குவித்ததனால் மலேசிய அரசாங்கம் தன் பொறுப்பிலிருந்து படிப்படியாக விலகிக்கொண்டது. அதுவும் அழகான வாக்கியம். காரணம், விளைவு, கொள்கை, முடிவு எல்லாம் ஒழுங்காகக் கைகோத்து நின்றன. இந்தச் சொற்களை எல்லாம் அவள்தான் கற்றுக்கொடுத்தாள். எந்த அட்டவணையைக் கொடுத்தாலும் அதற்குப் பொருத்தமான காரணத்தைக் கொண்டுவந்து நிறுத்துகிற பழக்கத்தையும் அவளேதான் கற்றுக்கொடுத்திருக்கிறாள் என்று இப்போது தெரிந்தது. இன்னொரு கை, இன்னொரு தாள். இடப்பக்கம் இரண்டு கைகள். ஒவ்வொரு தாளையும் கொண்டுபோய்க் கொடுக்கிறபோது பிழைக்குப் பந்தி பரிமாறுவதுபோல இருந்தது. பேசாமல் விட்டால் என்ன? திருத்தப்போவது யார், நான்தானே. எப்படி எழுதினாலும் நியாயமாக எழுதியிருந்தால் புள்ளி போட்டுவிடலாம். எண்ணைப் பார்க்காமல் வாதத்தைப் பார்த்தேன் என்று சொல்லலாம். யாருக்குத் தெரியப்போகிறது. இரண்டாவதாகத் திருத்துகிறவர் தென்பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறார், அவருக்கும் ஒரு குறிப்பு எழுதி, இல்லை, குறிப்பு எழுதினால் தெரிந்துவிடும், எழுதாவிட்டால் அவர் கண்டுபிடிப்பார், கண்டுபிடித்தால் என்ன, அவர் கண்டுபிடிக்காமலும் இருக்கலாம், பேராசிரியரே கண்டுபிடிக்கவில்லையே. இப்படிச் சுற்றிச் சுற்றி நினைப்பு காரின் முன்மூடிக்கே வந்து நின்றது. வந்த இடத்தில் பழையபடி ஒரு முள் குத்தியது. கேள்வியில என்ன இருக்கோ அதை வச்சு எழுதுங்கோ.

நடந்துகொண்டிருப்பது நல்லது. நின்றால் முகத்தில் தெரியும். வரிசைகளுக்கு நடுவே பின்னால் போய், யன்னலோரமாகத் திரும்பி, மறுபடி முன்னால் வந்தாள். புதுச் செருப்பு, வலதுகாலின் சின்னவிரலைக் கடித்துக்கொண்டிருந்தது. யன்னலுக்கு வெளியே நூலகத்துப் படிக்கட்டு தெரிந்தது. இன்னும் திறக்கவில்லை. ஆளணி போதாது என்று பத்து மணிக்குத் திறந்து நாலு மணிக்குப் பூட்டுகிறார்கள். நாலு மணிக்குப் பிறகு பிள்ளைகள் அந்தப் படிக்கட்டிலேயே உட்கார்ந்து, வெளிச்சம் இருக்கும்வரை படிக்கும். மலேசியாவில் அவள் இரண்டு வருடம் படித்தாள். அந்த நாட்டு அரசாங்கம் கொடுத்த புலமைப்பரிசில். அங்கே வாசிப்பு மண்டபத்தில் ஒவ்வொரு இருக்கைக்கும் ஒரு விளக்கு. போன முதல் கிழமை அந்த விளக்கின் சங்கிலியை இழுத்து ஏற்றினாள், அணைத்தாள், திரும்ப ஏற்றினாள். பக்கத்து இருக்கைக்காரி சிரித்தாள். எழுபதுகளில் வந்த அரசாங்க அறிக்கை ஒன்று வேண்டும் என்று எழுதிக் கொடுத்தபோது பத்து நிமிடத்தில் தூசியில்லாமல் மேசைக்கு வந்தது. இங்கே அதே காலத்து அறிக்கைகளைத் தேடிப் போனால் கறையான் வெளியே வருகிறது. அன்று அந்த அறிக்கையின் மேல் கைவைத்தபடி அவளுக்குக் கோபம் கோபமாக வந்ததே, யார்மேல் என்று தெரியாத கோபம். அந்தக் கோபத்தில் பிறந்ததுதான் இந்தப் பாடம். ஊருக்குத் திரும்பி வந்து, மூன்றாம் வருடப் பாடத்திட்டத்தில் இதைச் சேர்க்கவேண்டும் என்று பீடச் சபையில் இரண்டு தரம் மன்றாடி, மூன்றாம் தரம் சண்டை பிடித்து, கொண்டுவந்து சேர்த்தவள் அவள்தான். ஒரு நாடு தன் பிள்ளைகளுக்கு எவ்வளவு செலவழிக்கிறது என்று அந்தப் பிள்ளைகளுக்கே தெரியவேண்டாமா என்று கேட்டாள். அருளம்பலம் அன்று சிரித்தார். "தெரிஞ்சு என்ன செய்யப்போகுதுகள் சுகந்தினி?" என்றார். இலங்கை அரசாங்கமும் அவளுக்குச் செலவழித்திருக்கிறது. ஐந்து வயதில் கொடுத்த முதல் பாடப்புத்தகத்திலிருந்து பட்டமளிப்பு வரையில் ஒரு சதம் கேட்காமல் படிப்பித்திருக்கிறது. அதையும் சொல்லித்தான் ஆகவேண்டும். சின்னக் கையால் கொடுத்தாலும் எல்லாருக்கும் கொடுத்த கை. இதை எல்லாம் பிள்ளைகள் எழுதவேண்டும் என்றுதானே ஐந்தாம் வினா. கோபமும் நன்றியும் ஒரே பக்கத்தில் வரவேண்டும் என்று ஆசைப்பட்டுத்தானே நாற்பது புள்ளி போட்டாள். இப்போது என்ன எழுதுகிறார்கள்? விடுதியில் இரண்டு பேருக்கென்று கட்டின அறையில் ஆறு பேர் படுத்தெழும்பி வந்து, உடைந்த கதிரையைச் சுவரில் சாய்த்து உட்கார்ந்துகொண்டு, எங்கள் நாடு வாரி இறைக்கிறது என்று எழுதுகிறார்கள். நூற்றுப் பதினெட்டுப் பேரில் ஒருத்திக்குத்தான் சந்தேகம் வந்தது. அவளையும் உட்கார வைத்தாயிற்று.

திலகேஸ்வரி எழுதிக்கொண்டிருந்தாள். அவளுடைய வரிசைக்குப் போகாமல் இவ்வளவு நேரமும் தப்பித் தப்பி நடந்திருக்கிறோம் என்பது அந்த வரிசையின் முனைக்கு வந்தபோதுதான் சுகந்தினிக்கு விளங்கியது. போனாள். நிற்காமல் கடந்துவிடலாம் என்றுதான் போனாள். ஆனால் அந்தப் பிள்ளை ஒரு பக்கத்தை முடித்துத் திருப்புகிற நேரமாகப் பார்த்துப் போய்விட்டாள். முதல் பக்கத்தின் தலையில் மூன்று வரிகள் வெட்டப்பட்டிருந்தன. கோபத்தில் கிறுக்கிய வெட்டு இல்லை. அடிமட்டம் வைத்து, ஒவ்வொரு வரிக்கும் நடுவே ஒரு நேர்கோடு. கீழே இருந்த எழுத்து எல்லாம் வாசிக்கக் கூடியதாகவே இருந்தது. இந்த அட்டவணையில் நாடுகளின் பெயர்கள் இடம் மாறியிருப்பதாக எனக்குத் தோன்றுகிறது. வகுப்பில் படித்ததும் நாங்கள் கண்ணால் பார்ப்பதும் இதற்கு எதிராக உள்ளன. ஆகையால் பெயர்களை மாற்றி வைத்துக்கொண்டு எழுதுகிறேன். மூன்று வரி. மூன்றும் வெட்டி. அதற்குக் கீழே புதிதாகத் தொடங்கியிருந்தாள்: அட்டவணையின்படி இலங்கை அரசாங்கம் உயர்கல்விக்கு அதிகம் செலவழிக்கிறது. சுகந்தினிக்குக் காது அடைத்தது. மின்விசிறிச் சத்தம் எங்கோ தூரத்தில் கேட்டது. எழுதிய பிறகுதான் எழுந்து கேட்டிருக்கிறாள். சரியாக எழுதிவிட்டு, எதற்கும் மிஸ்ஸிடம் கேட்போம் என்று எழுந்து, மிஸ் சொன்னதைக் கேட்டு உட்கார்ந்து, பையிலிருந்து அடிமட்டத்தை எடுத்து. அடிமட்டத்தை எடுத்து என்பதில் நினைப்பு போய்ச் சிக்கிக்கொண்டது. அதைத் தாண்டிப் போக முடியவில்லை. அடிமட்டத்தை எடுத்து, சரியாக வைத்து, நேராகக் கோடு கிழிக்கிற கை. கண்ணால் பார்ப்பதை ஒழுங்காக, துப்புரவாக வெட்டிவிட்டு, தாளில் உள்ளதை எழுதத் தொடங்குகிற கை. இதைத்தான் படிப்பித்தேனா? இவ்வளவு நேரமும் பயம் எங்கே இருந்ததோ அந்த இடத்தில் இப்போது வேறொன்று வந்து உட்கார்ந்திருந்தது. அது கல்லுப்போல இருந்தது, பாரமாகவும் அசையாமலும். உறுதிப்படுத்தல் கடிதம், காரின் முன்மூடி, தென்பக்கத்துப் பேராசிரியர் எல்லாம் அப்படியே இருந்தன, ஒன்றும் ஓடிப்போகவில்லை. ஆனால் அவற்றைப் பற்றி இனி யோசிக்க ஒன்றும் இல்லை என்பது தெரிந்துவிட்டது. மணி பத்து ஐந்து. முன்மேசைக்கு நடந்தாள்.

மேற்பார்வையாளர் யோகராசா அங்கே கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு வரவுத்தாளைச் சரிபார்த்துக்கொண்டிருந்தார். இளைப்பாறிய பாடசாலை அதிபர், பரீட்சைக் காலங்களில் மட்டும் வந்து மண்டபத்தைப் பொறுப்பெடுப்பவர். "சேர், அஞ்சாம் கேள்வியில பிழை இருக்கு" என்றாள். "அட்டவணையில ரெண்டு நாட்டின்ர தலைப்பும் மாறிப்போச்சு. அறிவிக்க வேணும்." யோகராசா கண்ணாடியை இறக்கினார். "இப்ப ஒரு மணித்தியாலத்துக்கு மேல போயிட்டுது பிள்ளை. பாதிப் பேர் எழுதி முடிச்சிருப்பினம். இப்ப சொன்னா மண்டபம் கலவரமாப் போடும்." "தெரியும் சேர்." "பேசாம இருந்திட்டுத் திருத்தேக்க பாத்துப் போடலாமே? கன பேர் அப்பிடித்தான் செய்யிறவை." அவர் குரலில் ஏமாற்று இல்லை, அவளைக் காப்பாற்றுகிற எண்ணம்தான் இருந்தது. அதுதான் அவளை ஒரு கணம் தடுமாற வைத்தது. "சரியா எழுதின பிள்ளை ஒண்டு வெட்டிப்போட்டு இருக்குது சேர். நான் சொன்னதாலதான் வெட்டினது" என்றாள். யோகராசா அவள் முகத்தை ஒருதரம் பார்த்தார். பிறகு வேறொன்றும் கேட்காமல் மேசையில் இருந்த மணியை எடுத்து அடித்தார். நூற்றுப் பதினெட்டுத் தலைகள் நிமிர்ந்தன. சுகந்தினி மேசைக்கு முன்னால் வந்து நின்றாள். முதல் சொல் காற்றாகத்தான் வந்தது, இரண்டாம் தரம் சொன்னாள். "ஐந்தாம் வினாவின்ர அட்டவணையில பிழை இருக்கு. இலங்கை எண்டு இருக்கிற இடத்தில மலேசியா எண்டு வாசியுங்கோ, மலேசியா எண்டு இருக்கிற இடத்தில இலங்கை எண்டு வாசியுங்கோ. இது என்ர பிழை. இருபது நிமிசத்தில ஒரு மாணவி எழும்பிச் சரியாக் கேட்டவ. நான் பார்க்காமல் பதில் சொல்லிப்போட்டன். அதுவும் என்ர பிழை. மன்னிச்சுக்கொள்ளுங்கோ."  எல்லாச் சத்தமும் ஒன்றாக வந்தது. நாலு பக்கம் எழுதிட்டன் மிஸ். இனி எப்படி மிஸ். நேரம் தருவீங்களா மிஸ். வலப்பக்கத்தில் ஒருத்தி தலையைக் கவிழ்த்து அழவே தொடங்கிவிட்டாள். பின்வரிசையில் யாரோ தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அப்ப இதுதானே சரி, நானும் யோசிச்சன் எங்கட கம்பஸ் எந்த நாட்டில இருக்கெண்டு" என்றான். மண்டபம் முழுக்கச் சிரிப்பு ஓடியது. அழுதுகொண்டிருந்தவளும் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் சுகந்தினிக்குக் கண் கலங்கியது, அறிவிக்கும்போது கலங்காத கண். திலகேஸ்வரி சிரிக்கவில்லை. வெட்டிய மூன்று வரிகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு புதிய தாளொன்றை இழுத்து முன்னால் வைத்துக்கொண்டாள்.

நேரம் கூட்டிக் கொடுக்கத் துறைத் தலைவரின் அனுமதி வேண்டும். யோகராசா போன் எடுத்தார். கால் மணித்தியாலத்தில் அருளம்பலம் வந்துவிட்டார், வெள்ளைச் சேட்டின் கை மடிப்புக்கூடக் கலையாமல். மண்டபத்து வாசலில் நின்றே அவளைக் கூப்பிட்டார். குரல் தணிந்துதான் இருந்தது. "என்ன சுகந்தினி இது? எனக்கு ஒரு சொல்லுச் சொல்லிப்போட்டு அறிவிச்சிருக்கலாமே." "நேரம் போய்க்கொண்டிருந்தது சேர்." "சரி. நடந்தது நடந்திட்டுது. சம்பவ அறிக்கையில அச்சுப்பிழை எண்டு போடுங்கோ. ரைப் பண்ணின இடத்தில மாறிப்போச்சு எண்டு. ஜெசிந்தாவுக்கு ஒரு எச்சரிக்கைக் கடிதம் போகும், அவ்வளவுதான்." "அவ நான் எழுதிக் குடுத்ததைத்தான் ரைப் பண்ணினவ சேர். என்ர கையெழுத்துப் பிரதி பரீட்சைக் கிளையின்ர கோவைக்குள்ள இருக்கு." "கோவையைத் திறந்து பாக்க இங்க ஆர் இருக்கினம்?" என்று அவர் சிரித்தார். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பழக்கம். தெரிஞ்சு என்ன செய்யப்போகுதுகள் என்று கேட்ட அதே சிரிப்பு. ஒருவரும் திறந்து பார்க்கமாட்டார்கள் என்பது உண்மைதான். ஜெசிந்தாவுக்கு ஒரு கடிதம் போகும், ஆறு மாதம் முடியும், புதுப்பிக்கிற நாளில் கடிதம் கோவைக்கு மேலே வந்து நிற்கும், அவளுடைய கோவையைத் திறந்து பார்க்க மட்டும் ஆட்கள் இருப்பார்கள். "அடுத்த மாதம் உங்கட உறுதிப்படுத்தல் சபைக்கு வருது. அதையும் யோசிச்சுத்தான் சொல்லுறன். உங்கட நன்மைக்கு." "விளங்குது சேர்." "அப்ப அப்பிடியே எழுதுங்கோ." "நடந்ததைத்தான் சேர் எழுதுவன்."  மண்டபத்துக்குள் பேனைகள் ஓடுகிற சத்தம் கேட்டது, மெல்லிய மழை மாதிரி. அவர் வேறு குரலில், முன்னைவிட மெதுவாக, "சரிபார்த்த இடத்தில என்னைப் பற்றி என்ன எழுதப்போறீங்கள்?" என்று கேட்டார். அவர் பயந்திருக்கிறார் என்பது அப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. பேராசிரியர், பன்னிரண்டு வருடம் துறைத் தலைவர், ஒரு மணித்தியாலத்துக்கு முன்னால் அவளுக்கு இருந்த அதே பயத்தை வைத்துக்கொண்டு நிற்கிறார். அவர்மேல் வைத்திருந்த கோபம் கொஞ்சம் கரைந்தது. ஆனால் எழுதவேண்டியது கரையவில்லை. "நீங்கள் கையொப்பம் வச்சிருக்கிறீங்கள் சேர். கையொப்பம் இருக்கு எண்டு எழுதுவன். வாசிச்சீங்களோ இல்லையோ எண்டது நீங்கள் சொல்லவேண்டியது." அருளம்பலம் வாசற்படியையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு மண்டபத்துக்குள் எட்டிப் பார்த்து, "அரை மணித்தியாலம் கூடக் குடுங்கோ யோகராசா" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

சம்பவ அறிக்கைப் படிவம் ஒரே பக்கம்தான். முன்மேசையின் ஓரத்தில் உட்கார்ந்து எழுதினாள். தலைப்புகளை மாற்றியது யார் என்று சொல்லவேண்டிய இடத்தில் நான் என்று எழுத வேண்டியிருந்தது. படிவத்தின் மொழிக்கு அது பொருந்தவில்லை. வினாத்தாளைத் தயாரித்த விரிவுரையாளர் என்று எழுதி, பக்கத்தில் தன் பெயரை எழுதினாள்.    பன்னிரண்டரைக்கு விடைத்தாள்களை வாங்கினார்கள். திலகேஸ்வரி தந்தபோது முதல் தாளும் அதில் கட்டியிருந்தது, வெட்டிய வரிகளோடு. "அதைக் கழட்டவா மிஸ்? வெட்டினதுதானே" என்றாள். "வேண்டாம், இருக்கட்டும்" என்றாள் சுகந்தினி. "எனக்கு அது வேணும்." அந்தப் பிள்ளை வாசல்வரை போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு திரும்பி ஒருதரம் பார்த்துவிட்டுப் போனாள். உறுதிப்படுத்தல் கடிதம் அடுத்த மாதம் வரவில்லை. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. எட்டு மாதம் பிந்தி, இரண்டு விளக்கக் கடிதங்களுக்கும் ஒரு விசாரணைக்கும் பிறகுதான் வந்தது. அந்த மத்தியானம் அவளுக்கு அது தெரியாது. தெரிந்திருந்தாலும் அந்தப் படிவத்தில் ஒரு சொல் மாறியிருக்காது என்றுதான் பின்னாளில் அவள் நினைத்துக்கொள்வாள்.

விடைத்தாள் கட்டுகளைச் சுமந்துகொண்டு பரீட்சைக் கிளைக்குப் போனாள். யாரும் போய் வேறு மாதிரிச் சொல்வதற்கு முன்னால் தானே சொல்லிவிட வேண்டும் என்று வேகமாக நடந்தாள். ஜெசிந்தா சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்து வைத்திருந்தாள். சுகந்தினியைக் கண்டதும் மூடியை மூடிக்கொண்டு எழும்பினாள். செய்தி ஏற்கெனவே வந்துவிட்டது என்று முகத்தில் தெரிந்தது. "இரும், சாப்பிடும். உம்மில ஒரு பிழையும் இல்லை. நான் எழுதினதில இருந்த பிழை. அப்பிடித்தான் எழுதிக் குடுத்திட்டு வாறன்" என்றாள் சுகந்தினி. ஜெசிந்தா உட்காரவில்லை. மூடியைத் திருகிக்கொண்டே நின்றாள். திருகி முடிந்தும் கை விடவில்லை. "மிஸ், ஒண்டு சொல்லட்டா? ரைப் பண்ணேக்கையே எனக்கு ஒரு மாதிரி இருந்தது." "என்னண்டு?" "என்ர தங்கச்சி இஞ்ச விடுதியிலதான் இருக்கிறாள் மிஸ். ஒரு அறைக்க ஆறு பேர். கட்டிலுக்குக் கீழயும் ஒருத்தி படுக்கிறவள். அதைப் பாத்திட்டு வந்து இதை அடிக்கேக்க, இவ்வளவு செலவழிக்கிறாங்களோ எண்டு இருந்தது. வந்து கேப்பமோ எண்டு உங்கட அறை வாசல்மட்டும் வந்தனான். பிறகு, படிச்ச ஆக்கள் எழுதினது, நான் என்னத்தைக் கேக்கிறது எண்டு திரும்பிப் போட்டன்." சுகந்தினி கட்டுகளை மேசையில் வைத்தாள். இரண்டு பேர். ஒருத்தி எழுதிவிட்டு வெட்டினாள், ஒருத்தி வாசல்வரை வந்துவிட்டுத் திரும்பினாள். அட்டவணையின் பிழை ஒருத்தியைத் தவிர வேறொருவருக்கும் தெரியவில்லை என்று காலையெல்லாம் வெந்தது வீண். பார்க்கவேண்டியவர்கள் பார்த்திருக்கிறார்கள். ஒரு கதிரையை இழுத்து ஜெசிந்தாவுக்கு எதிரே போட்டு உட்கார்ந்தாள். "அடுத்தமுறை கேளும்" என்றாள். "வாசல்ல நிக்கவேண்டாம். உள்ள வந்து கேளும். நான் யோசிக்காமல் ஏதும் பதில் சொன்னா, திரும்பவும் கேளும்."